முப்பத்து நான்காம் மூடி

அக்கா, நீங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். சத்தியமாக. ஆனால் இப்போது இல்லை. இப்போது சிரித்தால் அந்தக் கதவு திறக்கும், திறந்தால் ஹெட்மிஸ்ட்ரஸ் வெளியே வருவார், வந்தால் நான் செத்தேன். அதனால் சிரிப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். முதலில் மூன்று கணக்கு. அப்புறம் சிரிப்பு. சரியா?

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். இந்த பெஞ்சில் ஒரு கால் ஆடும். என் உடம்புதான் நடுங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள், பெஞ்சுதான். சரி, உடம்பும்தான்.

பெயர் பொன்மாரி. பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு. பயம் வந்தால் மற்றவர்களுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எனக்கு நேர் எதிர், வாய் நிற்கவே நிற்காது. எங்கள் அம்மா சொல்வாள், "ஏட்டி, ஊமையா ஒரு அஞ்சு நிமிசம் இருந்தா ஒனக்கு மூச்சு நின்னு போயிருமோ?" அது அம்மா குரல். பார்த்தீர்களா, திரும்பிப் பார்க்கிறீர்கள், எங்கே அம்மா என்று! எனக்கு எல்லார் குரலும் வரும். ஆபீஸ் கிளார்க் சார் மூக்கால் பேசுவார்: "ஃபாரத்தை நெரப்பியாச்சா? நெரப்பாம வந்தா நான் என்ன பண்ண?" பி.டி. சார்: "ஏ பிள்ளைகளா, லைன்ல நில்லுங்க, இது என்ன கலியாண வீட்டுப் பந்தியா?" சத்தமாகச் செய்ய முடியவில்லை, உள்ளே ஆள் இருக்கிறது.

நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? எனக்கே தெரியாது. அதுதான் பயம். காலையில் முதல் பீரியட். பியூலா டீச்சர், எங்கள் கணக்கு டீச்சர், உள்ளே வந்ததும் வருகைப் பதிவேட்டைக்கூடத் திறக்கவில்லை. என்னை எழுப்பி இந்தத் தாளைக் கொடுத்தார். "பொன்மாரி, ஹெச்.எம். ரூம் வாசல்ல பெஞ்சு கெடக்கும். அதுல ஒக்காந்து மூணு கணக்கையும் போடு. பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்களுக்கு ஒவ்வொண்ணா வெளக்கிச் சொல்லு. அவங்களுக்குப் புரியணும்." அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்படி விளக்கச் சொல்வது டீச்சரின் வழக்கம். வீட்டுப்பாடம் எதுவானாலும் வீட்டில் கணக்குத் தெரியாத ஒரு ஆளைப் பிடித்து உட்காரவைத்து விளக்க வேண்டும். நான் எங்கள் ஆட்டுக்கு விளக்குவேன். தொடுகோடு வரைக்கும் பொறுமையாகக் கேட்கும், அப்புறம் நோட்டைத் தின்னும். இன்றைக்கு ஆட்டுக்குப் பதில் நீங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா, ஆட்டைவிட நீங்கள் நன்றாகத்தான் கேட்கிறீர்கள்.

ஆனால் எதற்கு ஹெச்.எம். வாசல்? அதைத்தான் யோசித்து யோசித்து... ஆகஸ்டில் ஒன்று நடந்தது. காலைக் கூட்டத்தில் மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். நான் ஹெச்.எம். குரலில், "மாணவிகளே, கடும் வெப்பம் காரணமாக இன்று பிற்பகல் பள்ளி இயங்காது" என்று சொன்னேன். மூன்று வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டார்கள். அப்போதே ஹெச்.எம். எங்கள் அப்பாவை வரவழைத்து, "இதுதான் கடைசி. இன்னொரு தடவைன்னா இவ டீ.சி.ய நானே எழுதிக் கையில குடுத்துருவேன்" என்றார். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "இன்னொரு நாள் என்னை அந்த ஸ்கூலுக்குக் கூப்புட்டாங்கன்னா, நேரா தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான். படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றார். எங்கள் அப்பா சும்மா சொல்கிற ஆள் இல்லை. என் கூடப்பிறந்த அக்கா படிப்பை அப்படித்தான் நிறுத்தினார்.

உங்கள் விரலில் தீக்குச்சி மருந்துக் கறை இருக்கிறதே. நீங்களும் தீப்பெட்டி ஆபீஸா? தப்பாக நினைக்காதீர்கள் அக்கா, நான் குறைவாகச் சொல்லவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அந்தத் தாள் என்ன, கையில் நாலாக மடித்து வைத்திருக்கிறீர்களே? டீ.சி. விண்ணப்பமா! அய்யோ, அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வேர்க்கிறது. யாருக்கு, மகளுக்கா? எந்த வகுப்பு... ஷ்ஷ். செருப்புச் சத்தம். ஹெச்.எம். செருப்பு டக்கு டக்கு என்று வரும். இது சரக்கு சரக்கு என்று வருகிறது. ஆயாம்மா. போய்விட்டார். அப்பாடா.

சரி, கணக்கு ஒன்று. வாசிக்கிறேன். "ஒரு பையில் முப்பத்து நான்கு பந்துகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ஒருவர் நீலப் பந்தை எடுத்து ஒளித்துவிடுகிறார். பிறகு எக்ஸ் எண்ணிக்கையில் சிவப்புப் பந்துகளைப் பைக்குள் சேர்க்கிறார். இப்போது சமவாய்ப்பில் ஒரு பந்தை எடுத்தால் அது சிவப்பாக இருக்க நிகழ்தகவு ஐந்தில் ஒன்று எனில், எக்ஸ் காண்க."

பயப்படாதீர்கள், இது சின்னக் கணக்கு. நிகழ்தகவு என்றால் ஒன்றுமில்லை, நமக்கு வேண்டியது எத்தனை, மொத்தம் எத்தனை, மேலே கீழே போட வேண்டும். முப்பத்து நாலில் நீலம் போனால் முப்பத்து மூன்று. எக்ஸ் சேர்த்தால் முப்பத்து மூன்று கூட்டல் எக்ஸ். அது கீழே. சிவப்பு ஏற்கெனவே ஒன்று, இப்போது ஒன்று கூட்டல் எக்ஸ். அது மேலே. இது ஐந்தில் ஒன்று. குறுக்கே பெருக்கினால் ஐந்து கூட்டல் ஐந்து எக்ஸ், சமம், முப்பத்து மூன்று கூட்டல் எக்ஸ். நாலு எக்ஸ் இருபத்தெட்டு. எக்ஸ் ஏழு. சரிபார்ப்போம்: எட்டு சிவப்பு, மொத்தம் நாற்பது. நாற்பதில் எட்டு, ஐந்தில் ஒன்று. முடிந்தது!

ஏழு! என்ன ஒரு பொருத்தம் அக்கா. நான் போட்டதும் ஏழுதான்.

என்ன போட்டாய் என்கிறீர்களா? அதுதான் சிரிப்பு. சரி, முன்கதையை மட்டும் சொல்கிறேன், சிரிப்பு அப்புறம். யாரிடமும் சொல்ல மாட்டீர்களே? நீங்கள் டீ.சி. வாங்கிக்கொண்டு போகிற ஆள், யாரிடம் சொல்லப் போகிறீர்கள்.

பியூலா டீச்சர் மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். உள்ளே சோடா மூடிகள். ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும், எங்கள் வருகைப் பதிவேட்டு நம்பர். தினமும் டப்பாவைக் கலகலவென்று ஆட்டி, கண்ணை மூடி ஒரு மூடி எடுப்பார். யார் நம்பர் வருகிறதோ அவள் போர்டுக்குப் போய் வீட்டுப்பாடக் கணக்கைப் போட்டு, வகுப்புக்கு விளக்க வேண்டும். மூடியைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிடுவார். "நேத்து வந்தா இன்னைக்கு வராதுன்னு கணக்குல இல்ல பிள்ளைகளா, எல்லாருக்கும் எப்பவும் ஒரே வாய்ப்புதான்" என்பார். வகுப்பில் முப்பத்து நாலு பேர். ஆமாம், கணக்கிலும் முப்பத்து நாலு. டீச்சர்மாருக்கு வேறு எண் கிடைக்காது, வகுப்பை எண்ணிப் போட்டுவிடுவார்கள்.

அந்தக் கலகல சத்தம் இருக்கிறதே அக்கா, அது கேட்டால் மற்ற முப்பத்து மூன்று பேருக்கும் மூச்சு நிற்கும். எனக்கு நிற்காது. ஏனென்றால் என் மூடி, பதினேழு, ஜூன் மாசமே டப்பாவை விட்டு வெளியே வந்துவிட்டது. என் நிகழ்தகவு சுழியம்!

அப்புறம்தான் பேச்சி. முத்துப்பேச்சி. இந்த வருசம் சேர்ந்தவள், அதனால் கடைசி நம்பர், முப்பத்து நாலு. ஏதோ ஒரு ஊரிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருவாள். பேர்தான் பேச்சி, பேச்சு வராது. ஒரு எழுத்தில் சிக்கினால் அங்கேயே நிற்பாள், டவுன் பஸ் மேட்டில் நிற்கிற மாதிரி. என்ன சொன்னீர்கள்? சாமி பேரா? ஆமாம், சாமி பேர்தான், நான் சாமியைச் சொல்லவில்லை.

ஜூலையில் ஒரு நாள் உண்மையாகவே அவள் நம்பர் வந்தது. போனாள். சாக்பீஸை எடுத்தாள். "ஆ... ஆ... ஆரம்" என்றாள். அக்கா, நான் எத்தனையோ குரல் கேட்டிருக்கிறேன், எல்லாம் ஒரு தடவை கேட்டால் என் தொண்டைக்குள் வந்துவிடும். பேச்சி குரல் வரவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், வரவில்லை. எங்கே நிற்கும், எங்கே உடையும், எப்போது திடீரென்று ஓடும், பிடிபடவே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டால்தான் பிடிக்க முடியும். சும்மா இருக்கும்போது அவள் வாயையே திறக்க மாட்டாள். போர்டுக்கு வந்தால்தான் பேசுவாள்.

அதனால் ஏழு சோடா மூடி தேடினேன். உள்ளே முப்பத்து நாலு, முப்பத்து நாலு, முப்பத்து நாலு என்று ஒட்டினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பில் ஒருத்தியும் இருக்க மாட்டாள். டீச்சர் எதிரே ஸ்டாஃப் ரூமில். நடுவில் பெரிய வட்டத் தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு. ஏழையும் போட்டேன்.

அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை அக்கா. கேட்க ஆசை, அவ்வளவுதான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சரி சரி, கணக்கு ரெண்டு. சுலபம். "மேற்கண்ட சோதனை நாற்பத்தைந்து நாட்கள், நாளுக்கு ஒரு முறை செய்யப்பட்டால், சிவப்புப் பந்து எத்தனை நாள் வரும் என எதிர்பார்க்கலாம்?" அதாவது ஐந்தில் ஒன்று, நாற்பத்தைந்தைப் பெருக்கி...

என்ன? ஒன்பதா?

அக்கா! நான் இன்னும் பேனாவையே திறக்கவில்லை. ஒன்பதுதான்! எப்படி இவ்வளவு வேகமாகப் போட்டீர்கள்? நீங்கள் பெரிய ஆள்தான். விளக்கவே வேண்டாம், டிக் போட்டுவிடுகிறேன். எங்கள் வகுப்பில் ஒருத்திகூட மனசுக்குள் இப்படிப் போட மாட்டாள்.

பேச்சியும் ஒன்பது தடவை போர்டுக்கு வந்தாள், தெரியுமா? எனக்கு எட்டா ஒன்பதா என்று சந்தேகம். ஒன்பதாகத்தான் இருக்கும், நிகழ்தகவு பொய் சொல்லாது. நாலாவது தடவையிலேயே பிள்ளைகள் டப்பா சத்தம் கேட்டதும் அவள் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். "ஒனக்குத்தாண்டி, எந்திரி, எந்திரி." அவள் சாமி கும்பிடுவாள். பெஞ்சுக்கு அடியில் விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணுவாள். பக்கத்தில் இருப்பவள் சொன்னாள், பேச்சி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறதே இல்லையாம், பைப்படியில் காக்காய்க்குக் கொட்டுகிறாளாம். ஏழாவது தடவை டீச்சரே, "என்னம்மா இது, ஒன் நம்பரே வருது. சரி, அடுத்த மூடி எடுக்கட்டுமா?" என்றார். பேச்சி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ரோசக்காரி. மற்றவர்களுக்கு வந்தால் அவர்கள் போகிறார்களே, நான் போகாவிட்டால் எப்படி என்று சிலேட்டில் எழுதிக் காட்டுகிற மாதிரி முகம். போனாள்.

இப்போது சிரிப்புக்கு வந்துவிட்டோம். கதவைப் பாருங்கள், மூடித்தானே இருக்கிறது? ஒன்பதாவது தடவை. தேற்றம்: தொடுகோடும் தொடுபுள்ளியில் வரைந்த ஆரமும் ஒன்றுக்கொன்று செங்குத்து. படம் வரைந்தாள், அழகாக வரைவாள், வட்டம் காம்பஸ் இல்லாமலே வட்டமாக வரும். அப்புறம் திரும்பி நின்றாள். நான் முதல் பெஞ்சில் காதைத் தீட்டிக்கொண்டு. இதோ, கேளுங்கள்:

"தொ... தொ... தொ... து... தொ..."

வந்துவிட்டதா? அச்சு அசல் அவள்தான். பெல் அடிக்கிற வரைக்கும் 'டு' வரவே இல்லை அக்கா! கடைசி பெஞ்சு முழுக்க அவளோடு சேர்ந்து தொ தொ தொ என்று தாளம் போட, டீச்சர் மேசையைத் தட்ட, பேச்சி சாக்பீஸோடு வெளியே ஓடி, வாய்க்காலில் குனிந்து வாந்தி எடுத்து...

சிரியுங்கள் அக்கா. இதுதான் அது.

கண்ணில் தண்ணீர் வருகிறதே உங்களுக்கு. எனக்கும் சிரிப்பு அடக்கினால் அப்படித்தான் வரும். இல்லையா? சரி. சில பேருக்கு உடனே சிரிப்பு வராது.

ஒன்று சொல்லட்டுமா, வேறு யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் குரல் எனக்குப் பிடிபட்டது. ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று செய்தேன், அப்படியே வந்தது. சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அரை மணி நேரம் என் குரலே எனக்குத் திரும்பவில்லை. பயந்துபோய் அம்மாவிடம் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் பேச்சி வரவில்லை. அதற்கு மறுநாளும். பன்னிரண்டு நாள் ஆகிறது. காய்ச்சல் என்றார்கள். வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை என்றும் சொல்கிறார்கள். வருவாள், பரீட்சை இருக்கிறதே. ஆனால் டப்பாவில் அவள் நம்பர் மட்டும் நிற்கவில்லை. திங்கட்கிழமை முப்பத்து நாலு. "ஆப்சென்ட் டீச்சர்." புதன்கிழமை முப்பத்து நாலு. டீச்சர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேற்று மத்தியானம் ஓடிப்போய் ஏழையும் பொறுக்கி எடுத்துக் கிணற்றில் வீசிவிட்டேன். இனி டப்பாவில் ஒரு தடயமும் இல்லை. அதனால் இந்த வாசலில் நான் உட்கார்ந்திருப்பதற்கும் மூடிக்கும் சம்பந்தமே இருக்க முடியாது. இருக்க முடியாதுதானே?

கணக்கு மூன்று. இது வட்டம். கடைசி. "ஒரு வட்ட வடிவத் தண்ணீர்த் தொட்டியின் ஆரம் மூன்று மீட்டர். அதன் மையம் ஓ. ஏ என்பது ஒரு சன்னல், பி என்பது ஒரு மேசை, இரண்டும் தொட்டிக்கு இருபுறமும் உள்ளன. ஓ-விலிருந்து ஏ பன்னிரண்டரை மீட்டர் தொலைவில் உள்ளது. ஓ-விலிருந்து ஏ-பி கோட்டுக்கு வரைந்த செங்குத்து அதை சி-யில் சந்திக்கிறது. ஏ-சி பன்னிரண்டு மீட்டர் எனில், சன்னலில் நிற்பவருக்கு மேசை தெரியுமா? காரணம் கூறு."

விளக்குகிறேன். ஒரு கோடு வட்டத்தை மூன்று விதமாகத்தான் பார்க்கும். மையத்திலிருந்து கோடு ஆரத்தைவிடக் கிட்டே இருந்தால் வட்டத்தை வெட்டிக்கொண்டு போகும். ஆரம் அளவே இருந்தால் ஒரே ஒரு புள்ளியில் தொட்டுவிட்டுப் போகும். அதைவிடத் தள்ளி இருந்தால் தொடாமல் போய்விடும். இங்கே வெட்டினால் தொட்டி மறைக்கும், மேசை தெரியாது. தெரியாது என்றுதான் வரும், பாருங்கள். செங்கோண முக்கோணம். பன்னிரண்டரையை வர்க்கப்படுத்தினால் நூற்று ஐம்பத்தாறே கால். பன்னிரண்டு வர்க்கம் நூற்று நாற்பத்து நாலு. கழித்தால் பன்னிரண்டே கால். அதற்கு வர்க்கமூலம்... மூன்றரை.

மூன்றரை. ஆரம் மூன்றுதான்.

அரை மீட்டர் தள்ளிப் போகிறது அக்கா. கோடு தொட்டியைத் தொடவே இல்லை. தெரியும். சன்னலில் நின்றால் மேசை நன்றாகத் தெரியும்.

சன்னல். தொட்டி. மேசை.

இருங்கள். இது புத்தகக் கணக்கு இல்லை. கையால் எழுதியிருக்கிறார், பாருங்கள், மூன்றையும். மற்றப் பிள்ளைகளுக்கு இந்தத் தாள் கொடுக்கவே இல்லை. பந்து இல்லை அக்கா அது. ஒளித்த நீலம் நான். ஏழு. நாற்பத்தைந்து நாள். டேப்பை வைத்து அளந்திருக்கிறார், சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாஃப் ரூம் சன்னலில் நின்று... நேற்று நின்றிருக்கிறார். நான் பொறுக்கும்போது பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். என் பதிலையே என் கையால் போட வைத்து...

அக்கா, என் கையைப் பிடியுங்கள். உள்ளே போனால் டீ.சி. அப்பா வருவார். ஆட்டோவை நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையோடு இதே பெஞ்சில் உட்காருவார். நான் சொன்னது ஒன்றையும் நீங்கள் வெளியே விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு நான் யாரோ, எனக்கு நீங்கள் யாரோ. தாளைக் கொடுத்துவிட்டு டீச்சர் காலில் விழுந்துவிடுகிறேன். கீழே மட்டும் நிரப்பிக் கொடுங்கள், சீக்கிரம். இந்த ரெண்டு கோடு. "விளக்கம் கேட்டவர் பெயர்." அடுத்தது "மாணவிக்கு என்ன உறவு." வழக்கமாக அம்மா, சித்தி என்று எழுதுவோம். நீங்கள் உறவில்லை என்று எழுதுங்கள், போதும்.

எழுதுங்கள், மெதுவாகவே எழுதுங்கள், நான் தாளைப் பிடித்துக்கொள்கிறேன். ச. ண். மு. க. க். க. னி. சண்முகக்கனி. நல்ல பெயர் அக்கா. இப்போது கீழ்க்கோடு. உறவில்லை.

மு. த். து.

அக்கா, பெயரை மேலேயே எழுதிவிட்டீர்கள். இது உறவு எழுதுகிற இடம். எந்த மாணவிக்கு என்று போடவில்லைதான், ஆனால் அது என்னைத்தான்...

பே. ச்.

வேண்டாம். பேனாவை எடுங்கள். எடுத்துவிடுங்கள், அத்தை.